ஆடும் கியர் லீவர்: எம்எக்ஸ்-5 உரிமையாளர்களின் கேள்விகளும் எங்கள் பதில்களும்

மாஸ்டா எம்எக்ஸ்-5 காரின் முதல் இரண்டு தலைமுறைகள் 1989 முதல் 2005 வரை விற்பனையில் இருந்தன. அந்தக் கார்களின் ரப்பரும் நைலானும் இப்போது தேய்ந்து முடியும் வயதில் இருக்கின்றன. இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை தளர்ந்த கியர் லீவரைப் பற்றியவை. வேறு இரண்டு ஸ்போர்ட்ஸ் கார்களைப் பற்றிய கேள்விகளும் கடைசியில் உள்ளன. எம்எக்ஸ்-5 பற்றிய பதில்கள் 5-ஸ்பீடு கியர்பாக்ஸுக்கானவை. 6-ஸ்பீடு வைத்திருப்பவர்கள் தங்கள் காருக்குரிய பாக எண்ணைப் பார்த்தே உதிரி பாகம் வாங்குங்கள்.

கேள்வி: என் கார் 1996ஆம் ஆண்டு எம்எக்ஸ்-5, 1.8 லிட்டர். கியர் லீவர் மோர்க் குவளையில் விட்ட கரண்டிபோல் ஆடுகிறது. காலையில் வண்டியை எடுத்தால் 2ஆம் கியர் லேசில் விழுவதில்லை. கியர்பாக்ஸை இறக்கிப் பிரித்தே ஆகவேண்டும் என்கிறார் மெக்கானிக். வேறு வழி உண்டா?
— வாசகர், பர்மிங்ஹாம்

பதில்: இறக்காதீர்கள். முதலில் கோளாறு எங்கே என்று பிரித்துப் பார்க்க வேண்டும். அதற்கு ஒரு ஸ்பேனர்கூடத் தேவையில்லை.

இந்தக் காரில் லீவருக்கும் கியர்பாக்ஸுக்கும் இடையில் கேபிளோ நீளமான கம்பியோ கிடையாது. லீவர் நேராகக் கியர்பாக்ஸின் பின்பகுதியில் இருக்கும் டரெட் என்ற கிண்ணத்துக்குள் இறங்குகிறது. லீவரின் நடுவில் ஓர் உருண்டை உண்டு. அது நைலான் இருக்கையில் அமர்ந்து திரும்புகிறது. அதன் மேல் அலை அலையாக வளைந்த ஒரு ஸ்பிரிங் வாஷர், வேவ் வாஷர் என்பார்கள், உருண்டையைக் கீழே அழுத்திப் பிடித்துக்கொள்கிறது. லீவரின் அடிமுனையில் விரல் நுனி அளவுக்கு ஒரு நைலான் தொப்பி. அதுதான் புஷ். கியரைத் தேர்ந்து போடும் பாகமான செலக்டரின் குழிக்குள் நுழைந்து அதை முன்னும் பின்னும் தள்ளுவது இந்தத் தொப்பி போட்ட முனைதான். இத்தனைக்கும் மேலே ஒரு சின்ன ரப்பர் பூட், அதாவது உறை, அதற்கு மேல் ஒரு பெரிய ரப்பர் பூட்.

என்ஜினை நிறுத்திவிட்டு 3ஆம் கியரில் போட்டு லீவரை இடவலமாக ஆட்டிப் பாருங்கள். நியூட்ரலில் லீவர் பக்கவாட்டில் போவது இயல்பு, ஏனென்றால் அது கியர் வரிசைகளுக்கு இடையே நகர வேண்டும். கியரில் இருக்கும்போதும் தாராளமாக ஆடினால், கையில் 'டக் டக்' என்று தட்டுவது தெரிந்தால், அடிப் புஷ் உடைந்திருக்கிறது அல்லது வேவ் வாஷர் தளர்ந்திருக்கிறது. ஓட்டும்போது லீவரிலிருந்து கிர்ரென்று ஓர் அதிர்வுச் சத்தம் வந்து, குமிழின்மேல் கை வைத்ததும் நின்றுபோனால் அதுவும் இதே இடம்தான். லீவரைச் சுற்றிச் சூடான காற்றும் கியர் எண்ணெய் வாடையும் உள்ளே வந்தால் ரப்பர் பூட்கள் கிழிந்துவிட்டன.

அடுத்து கிளட்ச். என்ஜின் ஐடிலில் ஓட, கிளட்சை முழுக்க மிதித்து மூன்று நான்கு விநாடி பொறுத்து ரிவர்ஸ் போடுங்கள். கரகரவென்று பல் உரசினால் கிளட்ச் முழுதாக விடவில்லை. என்ஜின் நிற்கும்போது எல்லா கியரும் வழுக்கிக்கொண்டு விழுந்து, ஓடும்போது மட்டும் அடம்பிடித்தாலும் கிளட்ச்தான் குற்றவாளி. இந்தக் கார்களில் கிளட்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங்குக்கு வெளியே இரண்டு போல்ட்டில் நின்று, மிதியின் அழுத்தத்தைத் திரவம் வழியே வாங்கிக் கிளட்சை விடுவிக்கும் ஸ்லேவ் சிலிண்டர் கசிவது மிகச் சாதாரணம். அதன் ரப்பர் உறையை விரலால் விலக்கினால் உள்ளே ஈரம் தெரியும். ஸ்லேவ் சிலிண்டர் கசிவதைக் கண்டுபிடிக்காமல் கியர்பாக்ஸைப் பிரித்துப் போட்டவர்கள் பலர். இந்தக் கண்டறிதலில் அதிகம் நடக்கும் தவறு அது.

மூன்றாவதாக மவுண்டிங். எம்எக்ஸ்-5 கியர்பாக்ஸுக்குத் தனியாகத் தாங்கும் ரப்பர் கிடையாது. கியர்பாக்ஸையும், பின்சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியலையும் ஒரு நீண்ட அலுமினியச் சட்டம் இணைக்கிறது. முன்னால் இரண்டு என்ஜின் மவுண்ட், பின்னால் டிஃபரன்ஷியல் மவுண்ட்கள். ஆக்ஸிலரேட்டரை மிதித்து விடும்போதெல்லாம் லீவர் தானாக நகர்ந்தால் இந்த ரப்பர்களைப் பாருங்கள். லீவருக்கு எத்தனை புதுப் புஷ் போட்டாலும் அந்த அசைவு போகாது.

காலைக் குளிரில் 2ஆம் கியர் பிடிவாதம் செய்வது வேறு விஷயம். குளிர்ந்த எண்ணெய் தடித்திருக்கும்போது கியர் விழும் முன் வேகங்களை உரசிச் சமன்செய்யும் பித்தளை வளையமான சின்க்ரோ ரிங்கால் எண்ணெய்ப் படலத்தை வெட்டிக்கொண்டு கியரின் கூம்பைப் பிடிக்க முடியாது. பத்துப் பதினைந்து நிமிட ஓட்டத்தில் சரியாகிவிட்டால் இது இந்தக் கியர்பாக்ஸின் பழைய குணம், கோளாறு அல்ல. அதுவரை 2ஆம் கியரை அவசரப்படுத்தாமல், லேசாக அழுத்திப் பிடித்துக் காத்திருந்து போடுங்கள். சூடான பிறகும் 3லிருந்து 2க்கு இறங்கும்போது உரசினால்தான் சின்க்ரோ ரிங்கைச் சந்தேகிக்க வேண்டும்.

உங்கள் கடிதத்தை வைத்துப் பார்த்தால் புஷ்ஷும் பழைய எண்ணெயும்தான் காரணமாக இருக்க வேண்டும். அடுத்த பதிலைப் படியுங்கள்.

கேள்வி: லீவர் புஷ்ஷையும் பூட்டையும் நானே மாற்ற நினைக்கிறேன். என்னென்ன வாங்க வேண்டும், எந்த வரிசையில் கழற்ற வேண்டும் என்று விவரமாக எழுதுங்கள்.
— வாசகி, ஸ்காபரோ

பதில்: அரை நாள் வேலை. காரைத் தூக்கவே வேண்டாம், எல்லாம் காருக்குள் உட்கார்ந்தபடி மேலிருந்து செய்யலாம்.

வாங்க வேண்டியவை: அடிமுனை நைலான் புஷ், உருண்டையின் நைலான் இருக்கை, வேவ் வாஷர், சின்ன ரப்பர் பூட், பெரிய ரப்பர் பூட். ஒவ்வொன்றிலும் ஒன்று. இவை ஐந்தும் ஒரே தொகுப்பாகவும் கிடைக்கின்றன. பெரிய பூட் பார்க்க நன்றாக இருந்தாலும் மாற்றிவிடுங்கள். மடிப்புகளை விரித்துப் பார்த்தால் பெரும்பாலும் உள்மடிப்பில் வெடிப்பு இருக்கும். எண்ணெய் 75டபிள்யூ-90 (தடிப்பைக் குறிக்கும் எண்), ஜிஎல்-4 (கியர் எண்ணெயின் தரவகை). டரெட்டுக்குத் தேவை சுமார் 80 மில்லிதான். மருந்துக்கடையில் கிடைக்கும் பெரிய சிரிஞ்ச் ஒன்று, அதன் முனையில் மாட்ட ஒரு சாண் மெல்லிய குழாய், நூல் பிரியாத துணி, ஒரு பழைய பெயின்ட் பிரஷ், வேக்குவம் கிளீனர் ஆகியவற்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கார் ஆறியிருக்கட்டும். ஓட்டி வந்த கையோடு திறந்தால் டரெட் கை வைக்க முடியாத சூட்டில் இருக்கும். சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்துவிட்டு நியூட்ரலில் வையுங்கள். கியர் குமிழை இடப்பக்கமாகச் சுற்றினால் கழன்று வரும்.

பிறகு நடுவில் இருக்கும் கன்சோல். பக்கங்களிலும், பின்னால் உள்ள பெட்டிக்குள்ளும் ஸ்க்ரூக்கள் இருக்கும். எல்லாவற்றையும் எடுத்த பிறகும் அசையாவிட்டால் இன்னும் ஒன்று எங்கோ ஒளிந்திருக்கிறது என்று அர்த்தம். இழுத்தால் பிளாஸ்டிக் காது உடையும், தேடிக் கண்டுபிடியுங்கள். கன்சோலைக் கொஞ்சம் தூக்கியதும் கண்ணாடி ஏற்றி இறக்கும் சுவிட்சின் ஒயர் இணைப்பைக் கழற்றுங்கள். முதல் தலைமுறைக் காரில் பெட்ரோல் மூடியைத் திறக்கும் கைப்பிடியும் அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கிறது, அதைப் பார்த்து விலக்குங்கள்.

கன்சோலுக்கு அடியில் பெரிய பூட். அதை ஓர் உலோகச் சட்டம் நான்கு போல்ட்டில் அழுத்திப் பிடித்திருக்கும். 10 மி.மீ. சாக்கெட் போதும். எடுத்து லீவர் வழியாக உருவிவிடுங்கள்.

இப்போது சின்ன பூட் தெரியும். இங்கே நிறுத்தி, சுற்றிலும் பிரஷ்ஷால் கிளறி வேக்குவம் கிளீனரால் இழுத்து எடுங்கள். பல வருட மணலும் தூசியும் அங்கே இருக்கும். அதில் ஒரு சிட்டிகை உள்ளே விழுந்தாலும் புது நைலானை அரம்போல் ராவிவிடும். இந்த வேலையில் பொறுமை தேவைப்படும் இடம் இது ஒன்றுதான், தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். சுத்தமான பிறகு சின்ன பூட்டைப் பிடித்திருக்கும் மூன்று போல்ட்டையும் கழற்றி லீவரை நேராக மேலே தூக்குங்கள். பூட், வாஷர், இருக்கை எல்லாம் லீவரோடு வரலாம், சில டரெட்டுக்குள்ளேயே தங்கிவிடலாம். எது எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்று ஒவ்வொரு நிலையிலும் போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

லீவரின் அடிமுனையைப் பாருங்கள். புஷ் அங்கே இல்லாவிட்டால் பதற வேண்டாம், துண்டு துண்டாக டரெட்டின் அடியில் கிடக்கும். நைலான் என்பதால் காந்தம் பிடிக்காது, நீளமான சாமணத்தால் பொறுக்குங்கள். மிச்சமிருக்கும் எண்ணெயைச் சிரிஞ்சால் உறிஞ்சி எடுங்கள். பல கார்களில் எண்ணெயே இருக்காது, அல்லது கறுத்துச் சேறாகியிருக்கும். பூட் கிழிந்து தண்ணீர் புகுந்திருந்தால் பால்கலந்த நிறத்தில் இருக்கும். துணியை விரலில் சுற்றி உட்புறத்தைத் துடைத்து, பழைய புஷ்ஷின் எல்லாத் துண்டும் வந்துவிட்டதா என்று சேர்த்து வைத்துப் பாருங்கள்.

அதோடு லீவரின் எஃகு உருண்டையையும் அடிமுனையையும் விரலால் தடவிப் பாருங்கள். புஷ் இல்லாமல் நெடுநாள் ஓடியிருந்தால் முனை ஒரு பக்கம் தட்டையாகியிருக்கும். அதில் புதுப் புஷ் போட்டாலும் லொடலொடவென்றுதான் இருக்கும், லீவரையே மாற்ற வேண்டும். நகத்தில் தட்டுப்படாத லேசான கோடுகள் பரவாயில்லை.

புதுப் புஷ்ஷைக் கொஞ்சம் கிரீஸ் தடவி லீவர் முனையில் அழுத்துங்கள், தன் இடத்தில் உட்காருவது கைக்குத் தெரியும். டரெட்டில் 80 மில்லி எண்ணெய் ஊற்றுங்கள். 'கூட இருந்தால் நல்லதுதானே' என்று ஊற்றினால் லீவர் இறங்கும்போது பொங்கி, பிறகு பூட் வழியாகக் கசிந்து காருக்குள் நாறும். லீவரை இறக்கும்போது அடிமுனை குழிக்குள் போய் அமர வேண்டும். அழுத்தத் தேவையில்லை. சரியாக அமர்ந்தால் லீவரை அசைக்கையில் செலக்டரின் எடை கையில் தெரியும். பிறகு இருக்கை, வேவ் வாஷர், புதுச் சின்ன பூட். மூன்று போல்ட்டையும் விரலால் சுற்றி, பிறகு மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். 10 நியூட்டன் மீட்டருக்கு மேல் போகாதீர்கள். டரெட் அலுமினியம், மரை உருவிக்கொண்டு வந்துவிட்டால் கியர்பாக்ஸ் இருந்த இடத்திலேயே மரை போடுவது பெரிய தொல்லை.

கன்சோலை மாட்டுவதற்கு முன்பே எல்லா கியரையும், ரிவர்ஸ் உட்பட, என்ஜின் நின்ற நிலையில் போட்டுப் பாருங்கள். பிறகு ஸ்டார்ட் செய்து கிளட்சை மிதித்துப் பாருங்கள். பெரிய பூட்டின் விளிம்பு சட்டத்துக்கு அடியில் மடங்காமல் இருக்க வேண்டும். ஒரு மூலை மடங்கினாலும் சூடும் இரைச்சலும் அதன் வழியே வரும்.

கேள்வி: நீங்கள் சொல்லும் எல்லாவற்றையும் மாற்றிவிட்டேன். இப்போது லீவர் முன்பைவிட இறுக்கமாக இருக்கிறது. நடுவுக்குத் தானாகத் திரும்பவும் தயங்குகிறது.
— வாசகர், மெல்பர்ன்

பதில்: புது இருக்கை உருண்டையோடு பழக சில நூறு கிலோமீட்டர் ஆகும், அதுவரை கொஞ்சம் இறுக்கம் இயல்பு. நடுவுக்குத் திரும்பாத அளவுக்கு இறுகினால் மறுபடி திறந்து பாருங்கள். பெரும்பாலும் இருக்கையின் வெட்டு சரியான திசையில் அமராமல், மூன்று போல்ட்டும் சேர்ந்து அதை நசுக்கிக்கொண்டிருக்கும். பழைய இருக்கையின்மேலேயே புதியதை வைத்து மூடிவிடுவதும் நடக்கிறது. பழையது தேய்ந்து டரெட்டின் உட்சுவரோடு ஒட்டி, டரெட்டின் பாகம்போலவே தெரியும். விலை குறைந்த சில இருக்கைகள் தடிமனாகவே வருகின்றன. பழையதோடு காலிப்பர் வைத்து அளந்து பாருங்கள். தேய்மானத்தால் பழையது கொஞ்சம் மெலிந்திருக்கும், ஆனால் ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம் இருந்தால் தேய்மானம் என்று சொல்ல முடியாது, பாகமே தவறு.

கேள்வி: நைலானுக்குப் பதில் வெண்கலப் புஷ் போட்டால் ஆயுளுக்கும் தேயாது என்கிறார்கள். அதோடு ஷார்ட் ஷிஃப்டரும் போடலாமா?
— வாசகர், ஹாரோ

பதில்: வெண்கலப் புஷ் போட்டால் லீவர் விறைப்பாக, துல்லியமாக இருக்கும். அது உண்மை. ஆனால் நைலான் அங்கே இருப்பதற்குக் காரணம் உண்டு. செலக்டரின் குழியும் லீவரும் உலோகம், நடுவில் இருக்கும் மலிவான பொருள் தேய்ந்து அவற்றைக் காப்பாற்றுகிறது. அதை எடுத்துவிட்டால் தேய்மானம் நிற்பதில்லை, விலை கூடிய பாகத்துக்கு இடம் மாறுகிறது. வெண்கலத் தூள் டரெட் எண்ணெயில் கலக்கும், கியர்பாக்ஸின் அதிர்வும் குமிழுக்கு நேராக ஏறும். பந்தயத்துக்கு மட்டும் ஓடுகிற கார், ஒவ்வொரு பருவத்துக்கும் திறந்து பார்க்கிறீர்கள் என்றால் போடுங்கள். தினம் ஓட்டும் காருக்கு நைலானே சரி, அதுவும் தயாரிப்பாளரின் அசல் பாகம். விலை வித்தியாசம் மிகக் குறைவு.

ஷார்ட் ஷிஃப்டர் லீவரின் திரும்பும் புள்ளியை மேலே ஏற்றி, கீழ்க்கையை நீளமாக்குகிறது. குமிழ் நகரும் தூரம் 30 சதவீதம் குறைந்தால் அதே கியரைப் போடக் கை சுமார் 1.4 மடங்கு தள்ள வேண்டும். அந்த வேகத்தில் சின்க்ரோ ரிங்குக்குத் தன் வேலையைச் செய்ய நேரமும் குறைகிறது. 2ஆம் கியர் ஏற்கெனவே முரண்டு பிடிக்கும் காரில் இதைப் போடவே கூடாது. முதலில் தேய்ந்த புஷ்ஷை மாற்றி ஒரு மாதம் ஓட்டுங்கள். ஷார்ட் ஷிஃப்டர் கேட்டுவந்தவர்களில் பலருக்கு உண்மையில் தேவைப்பட்டது புதுப் புஷ்தான்.

கேள்வி: கடைக்காரர் ஜிஎல்-5 எண்ணெய் கொடுத்தார். ஊற்றியும் விட்டேன். கியர்பாக்ஸ் கெட்டுவிடுமா?
— வாசகர், சிட்னி

பதில்: நாளைக்கே கெடாது. இந்தக் காரின் கையேடே ஜிஎல்-4, ஜிஎல்-5 இரண்டையும் ஏற்கிறது. இருந்தாலும் நாங்கள் ஜிஎல்-4 தான் சொல்வோம். டிஃபரன்ஷியல் பற்களின் கடும் உரசலுக்காக ஜிஎல்-5இல் கந்தகமும் பாஸ்பரஸும் கலந்த சேர்மானம் அதிகம். அது உலோகத்தின்மேல் வழுக்கும் படலம் போடுகிறது. சின்க்ரோ ரிங்குக்குத் தேவை வழுக்கல் அல்ல, பிடிப்பு. அந்தச் சேர்மானங்களில் சில பித்தளையையும் சூட்டில் அரிக்கும். அடுத்த மாற்றத்தில் 75டபிள்யூ-90 ஜிஎல்-4க்குத் திரும்புங்கள்.

5-ஸ்பீடு கியர்பாக்ஸுக்கு 2 லிட்டர் வேண்டும். டரெட்டின் 80 மில்லி இதில் சேராது, அது தனி அறை. கியர்பாக்ஸ் எண்ணெயை மாற்றினால் டரெட் எண்ணெய் மாறாது. மாற்றும்போது முதலில் பக்கவாட்டில் உள்ள நிரப்பும் பிளக்கைத் திறந்து பாருங்கள். அது கழல மறுத்தால் அடிப் பிளக்கைத் தொடாதீர்கள். எண்ணெயை வடித்துவிட்டு நிரப்ப வழியில்லாமல் நிற்பீர்கள். காரின் நான்கு சக்கரமும் ஒரே உயரத்தில் இருக்கும்படி தாங்கி வைத்து, எண்ணெய் பக்கத் துளையின் விளிம்பு வரை வந்து வழியும் மட்டும் ஊற்றுங்கள். அடிப் பிளக்கில் மைபோன்ற சாம்பல்நிறக் குழம்பு ஒட்டியிருப்பது இயல்பு. கையில் எடுக்கக்கூடிய சில்லுகள் இயல்பல்ல. வடிந்த எண்ணெயை வெயிலில் பிடித்துப் பாருங்கள், பொன்னிறப் பொடி மின்னினால் சின்க்ரோ ரிங் கரைகிறது.

கேள்வி: என் காரில் ஆக்ஸிலரேட்டரை விட்டதும் 3ஆம் கியர் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வந்துவிடுகிறது. லீவர் பாகங்கள் எல்லாம் புதிது. என்ஜின் மவுண்ட்டும் புதிது.
— வாசகர், லெஸ்டர்

பதில்: அப்படியானால் இப்போது கியர்பாக்ஸை இறக்கத்தான் வேண்டும். உள்ளே மூன்று இடங்களைப் பார்க்கச் சொல்லுங்கள்.

செலக்டர் ஃபோர்க் முதலாவது. இது ஸ்லீவ் என்ற வளையத்தின் பள்ளத்தில் இரண்டு கால்களை நுழைத்து அதைத் தள்ளும் கவை. கால்களின் முகம் தேய்ந்தால் ஸ்லீவ் முழுத் தூரம் போகாது, பற்கள் பாதி ஆழத்தில் மட்டும் கவ்வி நிற்கும், சுமை திரும்பியதும் நழுவும். ஃபோர்க்குக்கும் பள்ளத்துக்கும் இடைவெளியை ஃபீலர் கேஜ் வைத்து அளக்க வேண்டும். 0.5 மி.மீ. தாண்டினால் ஃபோர்க் முடிந்தது. அளப்பதோடு நிற்காமல் ஸ்லீவின் பள்ளத்தையும் நகத்தால் தடவிப் பாருங்கள். பள்ளம் சொரசொரப்பாக இருந்து ஃபோர்க்கை மட்டும் மாற்றினால், புது ஃபோர்க்கையும் அது சீக்கிரமே தின்றுவிடும்.

தேய்ந்த ஃபோர்க்கில் பித்தளையை உருக்கி ஒட்டும் பிரேஸிங் வைத்து ராவித் திரும்பப் போடுவது பழைய கார்களுக்குச் செய்யும் வேலைதான். உதிரி பாகமே கிடைக்காத எஃகு ஃபோர்க்குகளுக்கு அது பொருந்தும். சூட்டில் ஃபோர்க் ஒரு மில்லிமீட்டர் வளைந்தாலும் ஒரு பக்கத்துக் கியர் முழுதாக விழாது, ஆகவே முன்னும் பின்னும் அளந்து பார்க்கத் தெரிந்தவரிடம் மட்டுமே கொடுக்க வேண்டும். எம்எக்ஸ்-5க்குப் பாகம் கிடைக்கிறது, அந்த ஆபத்து தேவையில்லை.

இரண்டாவது, கவ்வும் பற்கள். ஸ்லீவின் உட்பற்களும் கியரின் பக்கப் பற்களும் பின்பக்கமாகச் சற்றே குறுகிச் செதுக்கப்பட்டிருக்கும். சுமை ஏறும்போது ஒன்றையொன்று உள்ளே இழுத்துக்கொள்ளத்தான் அந்தச் சரிவு. உரசி உரசிப் போட்டுப் பழகிய கார்களில் அந்த விளிம்பு மழுங்கியிருக்கும். ராவிச் சரிசெய்ய முடியாது. ஸ்லீவையும் அது நகரும் நடுப்பாகமான ஹப்பையும் ஜோடியாக மாற்ற வேண்டும், கியரின் பற்களும் உருண்டுவிட்டால் கியரையும் மாற்ற வேண்டும். கையோடு சின்க்ரோ ரிங்கைக் கியர் கூம்பில் அழுத்தி வைத்து, ரிங்குக்கும் கியரின் பக்கப் பற்களுக்கும் நடுவில் அளந்துவிடுங்கள். புதிதில் 1.5 மி.மீ. இருக்கும், 0.8க்குக் கீழே போனால் மாற்றுங்கள்.

மூன்றாவது, செலக்டர் ராடுகளைத் தன் இடத்தில் பிடித்து நிறுத்தும் குண்டும் ஸ்பிரிங்கும். ஸ்பிரிங் தளர்ந்தாலோ ராடின் பள்ளம் தேய்ந்தாலோ கியர் நழுவும். ஸ்பிரிங்குகளை எல்லாம் புதிதாகவே போடுங்கள், மலிவானவை. ராடை உருவும்போது குண்டு துள்ளிப் போய்விடும், ஒரு கையில் துணியால் மூடிக்கொண்டு உருவ வேண்டும். ராடுகளுக்கு நடுவில் சின்னஞ்சிறு இன்டர்லாக் பின்கள் இருக்கின்றன. இரண்டு கியர் ஒரே நேரத்தில் விழாமல் தடுப்பது இவைதான். ஒன்றைத் தவறவிட்டு மூடிவிட்டால் இரண்டு கியர் ஒன்றாகக் கவ்வி, பின்சக்கரங்கள் ஓடும் வேகத்திலேயே பூட்டிக்கொள்ளலாம். எத்தனை பின், எத்தனை குண்டு வெளியே வந்தன என்று தட்டில் வரிசையாக வைத்து எண்ணிய பிறகே மூடவேண்டும்.

இவ்வளவும் ஏன் தேய்ந்தது என்பதும் முக்கியம். ஓட்டும்போது கையைக் கியர் குமிழின்மேல் வைத்துக்கொள்ளும் பழக்கம் உண்டா என்று பாருங்கள். கையின் எடை லீவர் வழியாக ஃபோர்க்கைச் சுழலும் ஸ்லீவின்மேல் ஓயாமல் அழுத்துகிறது. ஃபோர்க் கியர் மாற்றும் ஒரு விநாடிக்கு மட்டும் உரசுவதற்காகச் செய்யப்பட்டது. மணிக்கணக்கில் உரசினால் எந்த ஃபோர்க்கும் தாங்காது.

கேள்வி: என்னுடையது 1991ஆம் ஆண்டு டொயோட்டா எம்ஆர்2. கியர் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருக்கிறது. இதற்கும் டரெட்தானா?
— வாசகர், கோலாலம்பூர்

பதில்: இல்லை. உங்கள் காரில் என்ஜின் இருக்கைகளுக்குப் பின்னால் இருப்பதால் லீவரிலிருந்து இரண்டு கேபிள்கள் பின்னோக்கி ஓடுகின்றன. ஒன்று கியர் வரிசையைத் தேர்ந்தெடுக்க, மற்றது கியரைப் போட. ஒவ்வொரு கேபிளின் இரு முனையிலும் புஷ் உண்டு. கியர்பாக்ஸ் பக்கத்து முனைகள் என்ஜின் சூட்டிலேயே கிடப்பதால் முதலில் பொடிவது அவைதான்.

ஒருவரை உள்ளே உட்காரவைத்து, என்ஜினை நிறுத்தியபடி லீவரை மெதுவாக ஆட்டச் சொல்லுங்கள். நீங்கள் கியர்பாக்ஸ் பக்கம் பாருங்கள். கேபிள் முனை நகர்ந்த பிறகு சற்றுத் தாமதித்து நெம்புகோல் நகர்ந்தால் அந்தப் புஷ் போய்விட்டது. முனையைப் பிடித்திருக்கும் கிளிப்பைக் கழற்றி, பழைய புஷ்ஷின் மிச்சத்தைச் சுரண்டி எடுத்து, பின்னைத் துருப்போகத் தேய்த்து, புதியதை அழுத்திப் பொருத்துங்கள். பழைய கிளிப்பைத் திரும்பப் போடாதீர்கள். கிளிப் கழன்றால் கேபிள் கழலும், அந்த இடத்திலேயே கார் நின்றுவிடும். புஷ்கள் எல்லாம் நன்றாக இருந்தும் லீவர் கனமாக இருந்தால் கேபிளின் உறைக்குள் துரு ஏறியிருக்கிறது. எண்ணெய் விட்டுப் பார்ப்பது தற்காலிகம்தான், கேபிளை மாற்றுங்கள். இங்கே கடினமான பாலியூரித்தேன் புஷ் போடுவதில் எங்களுக்கு ஆட்சேபம் இல்லை. சூட்டைத் தாங்கும், நடுவில் நீளமான கேபிள் இருப்பதால் அதிர்வும் கைக்கு அவ்வளவாக வராது.

கேள்வி: 1982ஆம் ஆண்டு போர்ஷே 911 எஸ்சி. 1ஆம் கியருக்குப் பதில் 3 விழுகிறது. கியர்பாக்ஸ் வேலை என்றால் பெரும் செலவு என்று பயமாக இருக்கிறது.
— வாசகர், சூரிச்

பதில்: உங்கள் காரில் இருப்பது 915 வகைக் கியர்பாக்ஸ். 911இல் 1986 வரை இருந்தது இது, 1987இல் ஜி50 வந்தது. லீவர் முன்னால், கியர்பாக்ஸ் பின்னால். நடுவில் தரைச் சுரங்கத்துக்குள் ஒரு நீளமான கம்பி. அந்தக் கம்பியும் கியர்பாக்ஸின் தண்டும் சேரும் இடத்தில் ஒரு கப்ளர், அதற்குள் இரண்டு பிளாஸ்டிக் புஷ். பின் இருக்கைகளுக்கு நடுவில் உள்ள கம்பளத்தை விலக்கி, சின்ன மூடியைத் திறந்தால் கப்ளர் கண்ணுக்குத் தெரியும். கையால் திருகிப் பாருங்கள், லொடலொடத்தால் காரணம் கிடைத்துவிட்டது. கம்பியின் முன்முனையில், லீவரின் உருண்டை அமரும் கிண்ணத்திலும் ஒரு புஷ் உண்டு. இரண்டு இடத்தையும் சேர்த்தே மாற்றுங்கள், ஒன்றை மாற்றினால் மற்றதன் ஆட்டம் அப்படியே இருக்கும்.

கப்ளரின் பிடியைத் தளர்த்துவதற்கு முன், கம்பியும் தண்டும் எந்த நிலையில் இறுகியிருந்தன என்று கூர்முனையால் ஒரு கோடு கீறி வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பிடி ஒரு மில்லிமீட்டர் சுழன்று இறுகினாலும் வரிசை மாறிவிடும், 1 கிடைத்தால் 5 கிடைக்காது. பழைய கோட்டில் வைத்து இறுக்கி எல்லா கியரையும் போட்டுப் பார்த்த பிறகு, தேவைப்பட்டால் கையேட்டின்படி நுணுக்கமாகச் சரிசெய்யலாம். எண்ணெய் விஷயத்தில் எம்எக்ஸ்-5க்குச் சொன்ன ஜிஎல்-4 ஆலோசனையை எடுத்துக்கொள்ளாதீர்கள். 915இல் கியர்களும் டிஃபரன்ஷியலும் ஒரே உறைக்குள் சுமார் 3 லிட்டர் எண்ணெயைப் பகிர்ந்துகொள்கின்றன, கையேடு சொல்லும் தரத்தையே ஊற்றுங்கள். புஷ்களை மாற்றிச் சரிசெய்த பிறகும் 1, 2ஆம் கியர் உரசினால் மட்டும் சின்க்ரோ பற்றி யோசிப்போம். அப்போது எந்த வேகத்தில், ஏறும்போதா இறங்கும்போதா, சூட்டிலா குளிரிலா உரசுகிறது என்று குறித்து எழுதுங்கள்.